ஓரடுப்பும் பல இலைகளும்



ஒரு குடும்பத்தின் உண்மை நிலையை அறிய விரும்புவோர், அதன் கூடத்திலே இட்டிருக்கும் நாற்காலிகளைக் காண்பதினும் அதன் அடுப்பின்மேல் ஏறியிருக்கும் பானைகளைக் காண்பது நலம். அங்கே வருவாயும் தெரியும், ஒற்றுமையும் தெரியும், யார் யாருக்காகப் பொறுத்துக்கொள்கின்றனர் என்பதும் தெரியும். இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரே பந்தியில் அமர்வோர் ஒரே வகை உணவு கொள்வதில்லை. பாட்டியார் சைவம், மகனார் மீனின்றிச் சோறு கொள்ளார், மருமகளார்க்கு வெள்ளியும் கிருத்திகையும் விரதம், பாட்டனார்க்கு நீரிழிவு, பேரப்பிள்ளைக்குக் காரம் ஆகாது. “இத்தனை பேர்க்கும் இத்தனை சமையல் என்றால் பொழுதும் போதாது, பொருளும் போதாது” என்று இல்லத்தரசிகள் முறையிடுவதை நாள்தோறும் கேட்கின்றோம்.

இது நம் காலத்திலே புதிதாகத் தோன்றிய இடர் என்று பலர் கருதுகின்றனர். வரலாறு அங்ஙனம் கூறவில்லை. பலவகை வாய்களுக்கு ஒரே அடுப்பிலே சிக்கனமாக உணவு ஆக்குதல் நம் நாட்டுப் பெண்மக்கள் பன்னெடுங் காலமாகப் பயின்ற கலையாகும். அக்கலை எவ்வாறு வளர்ந்தது, அதன் செலவை யார் ஏற்றனர் என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

பண்டை நாள்

சங்க நூல்களுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணன் வழியிலே பெறும் விருந்துகளை வரிசையாகக் கூறுகின்றது. எயினர் புல்லரிசிச் சோற்றையும் உலர்ந்த இறைச்சியையும் அளிக்கின்றனர். ஆயர் தினைச்சோற்றைப் பாலோடு தருகின்றனர். முல்லை நிலத்து உழவர் வரகுச் சோற்றோடு அவரைப் பருப்பையும், மருத நிலத்தார் நெற்சோற்றோடு கோழிப் பொரியலையும், நெய்தல் நிலத்தார் மீனையும் அளிக்கின்றனர். அந்தணர் இல்லத்திலோ மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிய கறியும் மாவடுவும் கிடைக்கின்றன. அவ்வந் நிலத்தார் தத்தம் நிலத்திலே எளிதிற் கிடைத்ததை உண்டனர். வந்த விருந்தினனுக்கும் அதையே மனமுவந்து இட்டனர். பாணனும் ஒன்றை உயர்வென்றும் மற்றொன்றை இழிவென்றும் சொன்னானில்லை. உணவு வேற்றுமை அந்நூலிலே நிலத்தின் வேற்றுமையாகவே தோன்றுகின்றது.

ஆயினும் அதே சங்க காலத்து நூலாகிய புறநானூறு வேறொரு காட்சியையும் நமக்குக் காட்டுகின்றது. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய பாட்டிலே கைம்பெண்டிர் உணவு குறிக்கப்படுகின்றது. நெய் தீண்டாத நீர்ச்சோற்றுத் திரள், எள் துவையல், புளியிட்டு வேவித்த வேளைக்கீரை ஆகியவையே அது. அவ்வாழ்வை ஏற்பதினும் ஈமத்தீயே நன்றென்று அவ்வம்மையார் துணிந்தார். பாணன் கண்ட வேற்றுமை நிலம் தந்தது. இவ்வேற்றுமையோ ஒருத்தியின்மேல் மற்றையோர் சுமத்தியது. இவ்விருவகை வேற்றுமைகளையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்வருவன யாவும் இப்பாகுபாட்டைச் சார்ந்தே நிற்கின்றன.

சைவமும் அசைவமும்

புலால் உண்ணாமை தமிழ் நாட்டிலே மிகப் பழைய அறம். திருக்குறளிலே அதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. சமணர் அதை வலியுறுத்தினர். சைவ வைணவ அடியார்களுள்ளும் பலர் அதை மேற்கொண்டனர். மரக்கறி உணவுக்குச் ‘சைவம்’ என்று சமயத்தின் பெயரே பெயராய் அமைந்ததும், அஃதல்லாதது ‘அசைவம்’ எனப்பட்டதும் இதன் விளைவேயாம்.

ஆனால் தீட்சை பெறுபவர் ஒருவர். இல்லத்தில் வாழ்பவரோ பதின்மர். குடும்பத் தலைவர் சிவதீட்சை பெற்று ஊன் துறந்தால், இளைஞரும் பிள்ளைகளும் பழைய உணவையே உண்டு வந்த வீடுகள் மிகப் பல. இவ்வாறு ஒரே கூரையின்கீழ் இருவகை உணவு ஏற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இந்தியா எங்கும் பல குலச் சங்கங்கள் தோன்றியபோது, மதுவையும் மாமிசத்தையும் விலக்க வேண்டுமென்று அவற்றுட் பல தீர்மானங்கள் நிறைவேற்றின. சமூக ஏணியில் ஏறுதற்குப் பிறர் உணவொழுக்கத்தைக் கைக்கொள்ளும் இவ்வழக்கத்தை மைசூரைச் சேர்ந்த சமூக நூலறிஞர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1952இல் வெளியிட்ட குடகு மக்களைப் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்து, அதற்கு ஒரு பெயரும் இட்டார்.

மதுவிலக்கால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க இயலாது. எனினும் ஒன்று கூறுதல் கடன். உணவு பற்றிய தீர்மானங்களை நிறைவேற்றியோர் மேடையிலிருந்த ஆடவர். அவற்றை அடுப்பிலே நிறைவேற்றியோர் பெண்டிர். கூட்டத்தில் கைதூக்க ஒரு கணம் போதும். சைவச் சட்டியையும் மீன் சட்டியையும் வேறு பிரித்துக் காலமெல்லாம் காத்து வருதல் அத்துணை எளிதன்று.

அடுக்களையின் உபாயம்

இவ்விடரை அவர்கள் எங்ஙனம் தீர்த்தனர்? அவர்கள் கண்ட உபாயம் மிக எளியது. யாவர்க்கும் பொதுவானதை முதலிற் சமைத்தனர். வேற்றுமையை ஈற்றிற் சேர்த்தனர்.

துவரம் பருப்பை எடுத்துக்கொள்வோம். அறுவர் உள்ள வீட்டில் 200 கிராம் பருப்பு ஒரு பானையில் வேகின்றது. மேலே தெளிந்து நிற்கும் நீர் ரசத்துக்கு ஆகும். மிளகும் சீரகமும் இட்டால் நோயாளிக்கும் முதியவர்க்கும் ஏற்கும். அடியில் நிற்பதில் ஒரு பிடியை மசித்து நெய் விட்டால் குழந்தைக்கு ஆயிற்று. எஞ்சியது புளியும் காயும் கூடிக் குழம்பாகும். ஒரே பருப்பு, ஒரே விறகு, மூவகை உணவு. நூறு கிராம் துவரம் பருப்பிலே ஏறக்குறைய 22 கிராம் புரதம் உண்டென்று இக்கால உணவு நூலார் அளந்து கூறுகின்றனர். ஒரு கோழிமுட்டையிலுள்ள புரதம் 6 அல்லது 7 கிராம். ஆகலின் ஊன் உண்ணாதவர்க்குப் பருப்பு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

புளிக்குழம்பும் இவ்வாறே. வெந்தயமும் மல்லியும் கூட்டிக் கொதிக்க வைத்த குழம்பில் சைவர்க்கு உரியதை முன்னரே வேறு கலத்தில் முகந்து வைப்பர். அதிலே சுண்டை வற்றலோ மணத்தக்காளி வற்றலோ சேரும். எஞ்சியதை மண்சட்டிக்கு மாற்றி மீனோ கருவாடோ இடுவர். சைவச் சமையல் முந்துதல், அசைவச் சமையல் பிந்துதல், கரண்டியும் சட்டியும் வேறாதல் என்னும் இம்மூன்று விதிகளால் இருதிறத்தாரும் மனவருத்தமின்றி உண்டனர்.

பத்தியச் சமையலும் தனிச் சமையலன்று. பெரும்பாலும் அது பொதுச் சமையலிற் சிலவற்றை இடாமல் எடுத்து வைப்பதேயாம். புளியையும் மிளகாயையும் நீக்கி, மிளகும் பூண்டும் பிரண்டையும் கூட்டினால் பத்தியம் ஆயிற்று. மிளகாய் நம் நாட்டுப் பொருளன்று; 1498இல் போர்ச்சுகீசியர் வந்தபின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே புகுந்தது. அதற்கு முன் காரம் என்பது மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே. ஆகவே நம் பத்திய உணவு, மிளகாய் வருமுன் இருந்த பழைய தமிழ்ச் சமையலின் சாயலை இன்றும் காத்து நிற்கின்றது எனலாம்.

விறகுச் செலவைக் குறைத்த கருவி கொடியடுப்பு. முதல் அடுப்பிலே எரியும் தீயின் வெம்மை உட்துளை வழியாகப் பக்கத்து வாய்க்குச் செல்லும். பெரிய வாயில் சோறு பொங்கும்போது கொடியில் பருப்போ பாலோ மெல்லக் காயும். இக்கருத்தையே மற்றொரு வடிவில் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் இந்துமாதவ் மல்லிக் 1910இல் ‘இக்மிக் குக்கர்’ என்னும் கலமாக அமைத்தார். அடியிலே சிறிது கரி. மேலே அடுக்கடுக்காகச் சோறு, பருப்பு, காய், இறைச்சி. ஒரே நீராவியில் யாவும் வேகும். இன்று நம் இல்லங்களில் சீழ்க்கையடிக்கும் பிரஷர் குக்கரில் மூன்று தட்டுகளை அடுக்குவோர், கொடியடுப்பின் வழித்தோன்றலையே ஆள்கின்றனர்.

பஞ்சமும் பங்கீடும்

நிற்க. உபாயம் எத்துணை நன்றாயினும் தானியம் இல்லாவிடத்து அது பயன்படாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். 1877 ஜனவரியில் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்குரிய விலையும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையராய் இருந்த டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரை ராத்தல் தானியமேனும் வேண்டும் என்றும், பருப்பும் காய்கறியும் அதனோடு சேர வேண்டும் என்றும் அவர் வாதாடினார். அவ்வாண்டிலேயே அரசாங்கம் கூலியை உயர்த்த நேர்ந்தது. வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்னும் உண்மை அரசாங்கக் கடிதங்களில் ஏறிய காலம் அது.

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1943 முதல் சென்னையில் அரிசிப் பங்கீடு நடைபெற்றது. அரிசியையே நம்பியிருந்த வீடுகள் கேழ்வரகையும் கம்பையும் கோதுமையையும் அடுப்பில் ஏற்றின. திருவிதாங்கூரிலே, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா முன்னரே பரப்பி வைத்த மரவள்ளிக் கிழங்கு அப்பொழுது ஏழைகளின் உயிரைத் தாங்கிற்று. 1956இல் தமிழ் நாட்டோடு இணைந்த கன்னியாகுமரிச் சீமையில் மரவள்ளியும் மீனும் இன்றும் இணைபிரியா உணவாய் இருப்பதை நாம் அறிவோம். 1952இல் இராஜாஜி முதலமைச்சராய் இருந்தபோது உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. நீங்கியதும் மக்கள் மீண்டும் அரிசியையே நாடினர்; சிறுதானியம் ஏழை உணவு என்னும் எண்ணம் வேரூன்றிற்று. பின்னர் 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் பாட்டிமார் கூழாகக் கரைத்ததை இப்பொழுது நாம் அழகிய பொதிகளிலே மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றோம்.

அரிசியும் ஆராய்ச்சியும்

இயந்திர ஆலைகள் பெருகிய காலத்திலே வெண்மை மிக்க அரிசியின்மேல் மக்களுக்கு மோகம் உண்டாயிற்று. தவிடு முற்றும் நீங்கிய அரிசியை மட்டும் உண்டவரிடம் ‘பெரிபெரி’ என்னும் நோய் பரவிற்று. ஜாவாத் தீவிலே கோழிகளைக் கொண்டு இதன் காரணத்தை ஆராய்ந்த எய்க்மன் என்னும் டச்சு அறிஞருக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலே ராபர்ட் மக்காரிசன் 1918இல் தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் உணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அவருக்குப்பின் அதன் தலைவராய் வந்த ஐக்ராய்ட், இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து 1937இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அந்நிலையம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் விளங்குகின்றது.

அவ்வாராய்ச்சிகளால் தெளிந்த செய்திகளுள் ஒன்று நம் பெண்மக்களுக்குப் பெருமை தருவதாகும். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே ஊறுகின்றது. ஆகலின் புழுங்கலரிசி உண்டோரை அந்நோய் அத்துணைப் பற்றவில்லை. சோற்றை வடித்த கஞ்சியிலும் சத்துண்டு. அதைக் கொட்டாமல் உப்பிட்டு அருந்திய வழக்கம் வறுமையால் வந்ததாயினும் அறிவுக்கு ஒத்ததே. நூறு கிராம் கேழ்வரகிலே சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 350 மில்லிகிராம். அரிசியிலோ மிகச் சிறிது. வளரும் பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிய தாய்மார் எந்நூலையும் படித்தாரிலர்.

பொதுச் சமையலறை

வீட்டிலே நடந்த இக்கலை பின்னர் ஊர்ப் பொதுவிலும் நடைபெறலாயிற்று. 1920இல் சர் பி. தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகராண்மைக் கழகம், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. 1956இல் காமராசர் காலத்திலே மதிய உணவுத் திட்டம் மாநிலம் எங்கும் பரவிற்று. 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலைச் சிற்றுண்டித் திட்டமும் மதுரையிலே தொடங்கப்பட்டது. சத்துணவிலே முட்டை இடத் தொடங்கியபின், முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் அளிக்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. பாருங்கள்! சோறு பொது, குழம்பு பொது. ஈற்றில் ஒரு பொருள் மட்டும் வேறு. நம் அடுக்களையின் பழைய உபாயமே ஆயிரக்கணக்கான பள்ளிகளில் ஒரே பந்தியில் பிள்ளைகளை அமர்த்தியது.

யார் பங்கு குறைந்தது?

இதுகாறும் கூறியது கலையின் பெருமை. இனி அதன் மறுபுறத்தையும் காண்போம். பலர்க்கும் ஏற்பச் சமைத்து, அவரவர்க்கு உரியதைப் பரிமாறி, பானையின் அடியிலே எஞ்சியதைத் தான் உண்பதே இல்லத்தரசியின் இலக்கணம் என்று நெடுங்காலம் கருதினோம். மீன் துண்டு ஆடவர்க்கு, முட்டை பிள்ளைக்கு, நெய் முதியவர்க்கு, சமைத்தவளுக்குக் குழம்பின் சாறும் அடிப்பற்றிய சோறும். கைம்பெண்டிர்க்கோ அதுவும் ஒருவேளை. நம் குடும்பங்கள் சிக்கனமாய் நடந்தன என்று பெருமை பேசும்போது, அச்சிக்கனம் யாருடைய இலையிலிருந்து மிச்சம் பிடிக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டாமா?

இது பழங்கதையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர். இதற்குக் காரணம் பலவாயினும், கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் தாயின் இலைக்கு ஈற்றிலே வருதலும் அவற்றுள் ஒன்று. பஞ்ச காலத்திலே டாக்டர் கார்னிஷ் அரசாங்கத்தை நோக்கி, ‘வேலை செய்யும் உடலுக்கு இது போதாது’ என்று வாதாடினார். நம் வீட்டு அடுக்களையில் வேலை செய்யும் உடலுக்காக வாதாடுவார் யார்?

செய்யத்தக்கன

வரலாறு கற்பித்தவற்றைச் சுருங்கக் கூறி முடிப்போம்.

முதலாவது, பொதுவை முதலிற் சமைத்து வேற்றுமையை ஈற்றிற் சேர்க்கும் பழைய முறையைக் கைவிடாதிருத்தல். சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு காய் என்பன யாவர்க்கும் பொது. முட்டையோ மீனோ வேண்டுவோர்க்கு அது மேலே சேர்வதாகுக. ஐந்து பேர்க்கு ஐந்து சமையல் வேண்டா.

இரண்டாவது, நோயுடையார் உணவைப் பண்டத்தால் மட்டும் அளவாது அளவாலும் அளத்தல். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையர் என்று 2023இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அன்னவர்க்குத் தனி உலை ஏற்றுவதினும், அதே பந்தியிலே சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் மிகுத்து இடுதல் எளிது. சிறுதானியமாயினும் அளவு மிஞ்சினால் சர்க்கரையை ஏற்றும். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இரத்தக் கொதிப்புடையார்க்கு ஆகா. சிறுநீரக நோயுடையார் மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒருவர் உணவை மற்றவர் இகழாதிருத்தல். சைவம் உண்போர் தம் நோன்பைத் தமக்கே உரியதாகக் கொள்க. அதனைப் பிறர்மேல் ஏற்றித் தம்மை உயர்ந்தோர் என எண்ணற்க. ஊன் உண்போரும் சைவர் கலத்தின் தூய்மையைக் காத்தல் கடன். பாணன் ஐந்து நிலத்து உணவையும் நன்றியோடு ஏற்றான். ஒரே குடியிற் பிறந்த நமக்கு அவ்வளவு பொறை இருத்தலாகாதா?

நான்காவது, யாவற்றினும் தலையாயது: சமைப்பவரின் பங்கை முன்னரே எடுத்து வைத்தல். சைவர்க்குரிய குழம்பை முகந்து வைப்பது போலவே, சமைத்தவளுக்குரிய பருப்பும் கீரையும் மீனும் முட்டையும் பரிமாறுமுன் ஒரு கலத்தில் நிற்றல் வேண்டும். ஆடவர் காய் நறுக்குக. பிள்ளைகள் இலை போடுக. யாவரும் உடன் அமர்க. இதற்குச் சங்கத்தின் தீர்மானம் வேண்டுவதில்லை. இன்றிரவு உலை ஏறும்போது அவரவர் இல்லத்திலேயே இதனைத் தொடங்கலாம்.